பதினொரு டொக்டர்மார்

போன வருடம் எங்கள் மேடையில் பதினொரு டொக்டர்மார் ஏறி இறங்கினார்கள். பேசிய பிள்ளைகள் மொத்தம் பதினான்கு பேர். மிச்சம் மூன்றில் இரண்டு என்ஜினியர், ஒன்று விமானி. அந்த விமானியும் சும்மா இறங்கவில்லை; ஓய்வு நேரங்களில் ஏழைகளுக்கு இலவசமாக வைத்தியம் பார்ப்பேன் என்று சபதம் செய்துவிட்டுத்தான் இறங்கினான்.

லண்டன் வால்தம்ஸ்டோவில் எங்கள் கத்தோலிக்கக் கோவில் மண்டபத்தில் சனிக்கிழமைதோறும் தமிழ்ப் பள்ளிக்கூடம் நடக்கிறது. கிழமை நாட்களில் ஓர் ஆரம்பப் பள்ளிக் குசினியில் முந்நூறு பிள்ளைகளுக்கு மதியச் சாப்பாடு பரிமாறுகிற நான், சனிக்கிழமைகளில் இங்கே மெற்றில்டா ரீச்சர். டிசம்பர் பத்தாம் திகதி மனித உரிமை நாள். அதை ஒட்டி வருகிற சனிக்கிழமையில் 'என் கனவு' என்று பிள்ளைகளை இரண்டிரண்டு நிமிடம் பேச விடவேண்டும் என்பது எங்கள் பங்குத்தந்தை தொடக்கி வைத்த ஏற்பாடு. நல்ல ஏற்பாடுதான். ஆனால் அவருக்குத் தமிழ் தெரியாது. பிள்ளைகள் என்ன சொல்கிறார்கள் என்று தெரியாமலே நான்கு வருடமாக முன்வரிசையில் இருந்து சந்தோசமாகக் கைதட்டிக்கொண்டிருக்கிறார்.

பிள்ளைகளுக்கும் தெரியாது என்பதுதான் என் வயிற்றெரிச்சல். பேச்சை எழுதுவது பாலேந்திரா மாஸ்டர். எழுபத்திரண்டு வயது, எட்மண்டனில் இருக்கிறார், எங்கள் பெரிய வகுப்புக்குப் படிப்பிக்கிறவர். பெற்றோர் ஒரு போன் எடுத்தால் போதும். தமிழை ஆங்கில எழுத்தில் அடித்து, மூச்சு விடவேண்டிய இடங்களில் சிவப்புக் கோடு போட்டு, பிளாஸ்ரிக் உறைக்குள் வைத்துக் கொடுத்துவிடுவார். பிள்ளை அதை மூன்று கிழமை கிளிப்பிள்ளை மாதிரிப் பாடமாக்கும். 'அன்னைத் தமிழை வணங்கி' என்று தொடங்கி, 'மக்களின் பிணி தீர்ப்பேன்' என்று முடியும். போன வருடம், ரத்தத்தைக் கண்டால் மயங்கி விழுகிற பிள்ளை ஒன்று, தான் இருதய சத்திரசிகிச்சை நிபுணராக வரப்போவதாக அறிவித்தது. இறங்கி வந்த பிறகு, பிணி என்றால் என்ன என்று கேட்டேன். தோளைக் குலுக்கிவிட்டுத் தின்ன ரோல்ஸ் எடுக்கப் போய்விட்டது.

இந்த வருடம் எனக்குப் பொறுமை முடிந்துவிட்டது. நவம்பர் கடைசியில் பெற்றோருடைய வாட்ஸ்அப் குழுவில் எழுதினேன். "இந்த முறை எழுதின பேச்சு இல்லை. பேப்பரோட வாற பிள்ளைக்கு மேடை இல்லை. பிள்ளையள் தங்கட கனவைத் தங்கட வாயாலை சொல்லட்டும். உடைஞ்ச தமிழெண்டாலும் பரவாயில்லை, பொய் வேண்டாம்."

குழுவில் அறுபத்துமூன்று பேர். ஒன்றரை நாள் என் போன் சட்டியில் விழுந்த கடுகு மாதிரிப் பொரிந்தது. ஒரு அப்பா, "ரீச்சர், என்ரை மகனுக்குக் கனவு ஒண்டும் இல்லை, அப்ப என்ன செய்யிறது?" என்று கேட்டார். ஒரு அம்மா, மனித உரிமை நாளுக்குப் பள்ளிக்கூடம் லீவா என்று கேட்டார். இந்த நாட்டில் வங்கிக்கு லீவு இருக்கு, மனித உரிமைக்கு இல்லை என்று பதில் போட்டேன். அதற்கு நான்கு பேர் கைகூப்பினார்கள், ஏன் என்று இன்றைக்கும் விளங்கவில்லை. பிறகு கமலநாதன் வந்தார். மலேசியாவில் இருந்து படிக்க வந்து இங்கேயே தங்கிவிட்ட என்ஜினியர்; மண்டபப் பொறுப்பும் சாவியும் அவரிடம்தான். "டீச்சர், வாலண்டியரா செய்றீங்க, ரொம்ப சந்தோஷம். ஆனா இந்த வருஷம் கவுன்சிலர் சீஃப் கெஸ்ட்டா வர்றாங்க. அவங்க முன்னாடி பிள்ளைங்க தடுமாறினா நல்லாவா இருக்கும்? கொஞ்சம் யோசிங்க." யோசித்துத்தான் எழுதினேன் என்றேன்.

பாலேந்திரா மாஸ்டர் மட்டும் ஒரு சொல்லும் எழுதவில்லை. மனுசன் வாயடைத்துப் போனார் என்று நான் உள்ளூரச் சந்தோசப்பட்டேன். தான் பிடித்த முயலுக்கு மூன்று கால் என்று நிற்கிறவள் நீ என்று என் புருசன் எட்வேட் இருபது வருடமாகச் சொல்லி வருகிறார். அவர் சொல்வதில் உண்மை இருக்கிறது என்று அப்போது தெரிந்திருந்தால் எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும்.

டிசம்பர் ஆறாம் திகதி ஒத்திகை. மேடையில் கோவில்காரர் நத்தாருக்கு ஏற்கெனவே பாலன் குடில் கட்டிவிட்டார்கள். வைக்கோல், ஒரு மரக்கழுதை, 'தொடவேண்டாம்' என்று ஒரு அட்டை. மிச்சமிருந்த மூலையில் கழுதைக்குப் பக்கத்தில் நின்றுதான் பிள்ளைகள் பேசவேண்டும். மிதுலனுடைய கனவு சனிக்கிழமை காலையில் பத்து மணிவரைக்கும் நித்திரை கொள்வது. அதை என் முகத்தைப் பார்த்தே சொன்னான். இன்னொரு பிள்ளைக்குத் தம்பி இல்லாத ஒரு அறை வேண்டும். இன்னொன்றுக்கு நாய் வேண்டும், அப்பா விடுகிறார் இல்லை, ஆகவே வேறு அப்பா வந்தாலும் பரவாயில்லை. பாதி எனக்கு ஏச்சு, பாதி பெற்றோருக்கு ஏச்சு. ஆனாலும் நான்கு வருடத்தில் முதல்தடவையாக, பிள்ளைகள் பேசுவது எனக்குக் கேட்டது.

கடைசியாக அஜித்தா ஏறினாள். ஒன்பது வயது, செப்டம்பரில்தான் எங்களிடம் சேர்ந்தவள், மண்டபத்துக்குள்ளும் ஜாக்கெட்டைக் கழற்றமாட்டாள். மைக்கைப் பிடித்துக்கொண்டு ஒரே மூச்சில் சொன்னாள்.

"எங்கட அப்பா ஒரு கடையில பின்னுக்கு நிக்கிறவர். இறைச்சி வெட்டுறவர், மரக்கறி வெட்டுறவர். ஆக்கள் வந்தால் முன்னுக்கு வரமாட்டார். நான் போனாலும் வரமாட்டார். என்ரை கனவு, அப்பா முன்னுக்கு நிக்கவேணும். எல்லாருக்கும் முன்னால நான் ஹலோ அப்பா எண்டு சொல்லவேணும்."

எனக்குக் கண் கலங்கிவிட்டது. பாவம், தகப்பனுக்குக் கல்லாவில் ஒரு வேலை கிடைக்கவேண்டும் என்று ஆசைப்படுகிறாளே என்று நினைத்தேன். ஒரு எழுத்துக்கூட மாற்றாமல் இப்படியே சொல்லவேணும் என்று அவளுடைய தலையைத் தடவிச் சொன்னேன். சொன்னதோடு நின்றேனா? வீட்டுக்குப் போய் அவள் பேசினதை அப்படியே அடித்து, கீழே அவளுடைய பெயரையும் போட்டு, 'இதுக்குப் பேர்தான் கனவு, பாத்துப் பழகுங்கோ' என்று அறுபத்துமூன்று பேருக்கும் அனுப்பிவிட்டேன். நாற்பது இதயம் வந்தது.

அடுத்தநாள் தமிழ்ப் பூசை முடிந்து வெளியே வந்தால், பக்கத்துக் கதவடியில் அஜித்தாவின் தாய் பிறேமினி நிற்கிறாள். முப்பத்தைந்து வயது இருக்கும். முன்பின் என்னோடு நான்கு சொல் கதைத்ததில்லை. கையில் போன், போனில் நான் அனுப்பின செய்தி.

"ரீச்சர், இதை முதலிலை அழியுங்கோ."

"ஏன்? எவ்வளவு வடிவாச் சொல்லியிருக்கிறாள்."

"அழிச்சுப்போட்டுக் கேளுங்கோ, சொல்லுறன்."

குரலில் மரியாதை இருந்தது. நான் அழித்தேன். அதற்குப் பிறகுதான் சொன்னாள்.

"எங்களுக்கு அகதிக் கேஸ் இன்னும் முடியேல்லை. பத்து வருசமா இழுபடுது. றொமேஷுக்கு வேலை செய்ய அனுமதி இல்லை. ரெண்டு கிழமைக்கு ஒருக்கா இமிக்கிரேஷனிலை போய்க் கையெழுத்து வைக்கிறவர். கடைக்காரர் இரக்கப்பட்டுப் பின்னுக்கு வைச்சிருக்கிறார். அவர் ஏன் முன்னுக்கு வாறேல்லை எண்டு உங்களுக்கு விளங்கேல்லையா ரீச்சர்?"

விளங்கியிருக்கவேண்டும். வேறு யாருக்கும் விளங்காமல் போகலாம். அகதியாக வந்து, ஐந்து வருடம் தபால்காரனுடைய காலடிச் சத்தத்துக்குப் பயந்து கிடந்த எனக்கு விளங்கியிருக்கவேண்டும். வதிவிடக் கார்ட் வந்து பதினெட்டு வருடம் ஆனதும் எல்லாவற்றையும் மறந்துவிட்டு, உண்மை பேசு பிள்ளை என்று உபதேசம் பண்ண வெளிக்கிட்டிருக்கிறேன். தரையில் ஒரு குழி இருந்திருந்தால் இறங்கியிருப்பேன்.

"ஜனவரி பதினெட்டு அவளுக்குப் பத்து வயது" என்றாள் பிறேமினி. "இஞ்சை பிறந்த பிள்ளை, பத்து வயது வரைக்கும் இஞ்சையே இருந்தால், பிரிட்டிஷ் எண்டு பதியலாம். லோயர் பேப்பர் எல்லாம் ரெடியாக்கிப் போட்டார். அவளுக்கு அது கிடைச்சால், பேந்து அவளை வைச்சு எங்களுக்கும் கேக்கலாம். இன்னும் ஆறு கிழமை. இந்த ஆறு கிழமைக்குள்ள ஆரும் ஒரு போன் போட்டு, இவரைக் கடையில வைச்சுப் பிடிச்சால்..."

போனைப் பைக்குள் வைத்தாள்.

"அப்ப அவளை விடுங்கோ, பேச வேண்டாம்" என்றேன்.

"பேசினால் குடுக்கிற சேட்டிபிக்கற் வேணும் ரீச்சர். அவள் வருசா வருசம் இஞ்சைதான் இருந்தவள் எண்டு காட்ட, பேரும் திகதியும் உள்ள ஒரு துண்டையும் விடாமல் சேர்க்கச் சொல்லி லோயர் சொன்னவர். நீச்சல் சேட்டிபிக்கற்றும் வைச்சிருக்கிறன், பல்லு டொக்டரின்ரை கடிதமும் வைச்சிருக்கிறன். வேற கனவு சொல்லு பிள்ளை எண்டால் சொல்லமாட்டன் எண்டு நிக்கிறாள். பொய் வேண்டாமெண்டு ரீச்சர் சொன்னவவாம். பாலேந்திரா மாஸ்டரின்ரை பேப்பர் தந்தால் வாசிப்பாளாம். வாசிக்கிறது பொய்யில்லையாம்."

ஒன்பது வயதுப் பிள்ளைக்குத் தெரிந்த நியாயம் எனக்குத் தெரியவில்லை. சரி, பேப்பர் வாங்கித் தாறன் என்றேன். அவள் நன்றி சொல்லிவிட்டுப் பஸ்ஸுக்கு ஓடினாள். நான் போனைப் பார்த்தேன். குழுவில், 'இந்தச் செய்தி அழிக்கப்பட்டது' என்று நெற்றியில் ஒட்டின மாதிரி நிற்கிறது. அதற்குக் கீழே கமலநாதன்: "டீச்சர், என்ன டெலீட் பண்ணீங்க? நேத்து அந்தப் பொண்ணு பேசினதா? ஏன், நல்லா இருந்துச்சே." அவருக்குப் பின்னால் ஆறு பேர், ஏன், ஏன் என்று. வாசிக்காமல் விட்டவர்களெல்லாம் என்னவென்று கேட்க, வாசித்தவர்கள் விளக்கம் சொல்லிக்கொண்டிருந்தார்கள். பொதுவில் போட்டது பிழை, எடுத்தது அதைவிடப் பிழை. பிழையாக விழுந்துவிட்டது, திருத்தி எழுதிப் போடுகிறேன் என்று ஒரு பொய் எழுதினேன். பொய் வேண்டாம் என்று எழுதின அதே குழுவில்தான்.

அன்றைக்குப் பின்னேரமே 34ஆம் நம்பர் பஸ் எடுத்து எட்மண்டன் போனேன். நோர்த் சேர்க்குலர் றோட்டில் வழக்கம்போல வாகனம் ஒன்றும் அசையவில்லை. பாலேந்திரா மாஸ்டருடைய கதவைத் தட்டி என்ன சொல்வது என்று முக்கால் மணித்தியாலம் யோசிக்க நேரம் கிடைத்தது. மனுசன் வெற்றிச் சிரிப்புச் சிரிக்கப்போகிறார், அதைப் பார்க்கவேண்டி வரப்போகிறதே என்றுதான் யோசித்தேன். அந்த நிலைமையிலும் எனக்கு என் மூக்கைப் பற்றித்தான் கவலை.

மாஸ்டர் சிரிக்கவில்லை. தேத்தண்ணி போட்டுத் தந்தார். நான் பெயர் சொல்லவில்லை, ஒரு பிள்ளைக்குப் பேப்பர் வேணும் என்று மட்டும் சொன்னேன்.

"அஜித்தாவுக்கோ?" என்றார். "நேற்று உங்கட மெசேஜ் பாத்த உடனேயே எழுதி வைச்சிட்டன்." மேசை லாச்சியைத் திறந்து எடுத்துத் தந்தார். சிவப்புக் கோடு, பிளாஸ்ரிக் உறை, அன்னைத் தமிழை வணங்கி, பிணி தீர்ப்பேன்.

"தெரிஞ்சால் ஏன் மாஸ்டர் எனக்குச் சொல்லேல்லை?"

"குழுவிலையோ சொல்லுறது? போன் எடுப்பம் எண்டால், நீங்கள்தான் என்னோட கோவமா இருக்கிறியள்." தேத்தண்ணியை ஆற்றினார். "பிள்ளை, எனக்கு வேறை எழுத வராதெண்டோ நினைச்சியள்? நான் எழுதாத சாமானோ? ஒரு முறை ஒரு பெடியன், அப்பா ராவிலை கத்துறவர், அவர் கத்தாமல் நித்திரை கொள்ளவேணும், அதுதான் என்ரை கனவு எண்டு சொன்னான். அதை மேடையில ஏத்தவோ? இன்னொண்டு, ஒரு அறைக்குள்ள ஆறு பேர். வீட்டுக்காரன் கேள்விப்பட்டால் அடுத்தநாள் சாமான் றோட்டிலை. டொக்டர் எண்டு எழுதினால் ஆரும் ஒரு கேள்வியும் கேக்க மாட்டினம். தமிழ்ப் பிள்ளை டொக்டருக்குப் படிக்க ஆசைப்படுது எண்டால் ஆருக்குச் சந்தேகம் வரும்?"

"அப்ப போன வருசம் பதினொரு டொக்டர்..."

"அதிலை ஏழு பேர் சும்மா தாய் தேப்பனுக்காகத்தான். மிச்சம் நாலும் ஆரெண்டு கேக்காதையுங்கோ."

கேட்கிற தகுதி எனக்கு இருக்கவில்லை. என்னுடைய நான்கு வருட எரிச்சல் முழுக்க மேசையில் பிளாஸ்ரிக் உறைக்குள் கிடந்தது. வாங்கிக்கொண்டு எழும்பினேன். வாசலில் வைத்து மாஸ்டர் இன்னொன்றும் சொன்னார். "அவளிட்டை மட்டும் பேப்பர் இருந்தால் எல்லாரும் கவனிப்பினம், என்ன?"

அதைத்தான் நானும் பஸ்ஸில் யோசித்துக்கொண்டு வந்தேன். பதின்மூன்று பேர் வாயால் பேச, ஒரு பிள்ளை மட்டும் பேப்பர் பிடித்தால், ஏன் என்று கேட்க முதல் ஆள் கமலநாதன். அதுவும் செய்தி அழிந்த கதைக்குப் பிறகு. வேறு வழி இல்லை. பஸ்ஸுக்குள் இருந்தபடியே குழுவில் எழுதினேன். "பிரதம விருந்தினர் வாறபடியால் நிகழ்ச்சி ஒழுங்கா நடக்கவேணும். எல்லாரும் முந்தினமாதிரி பாலேந்திரா மாஸ்டரின்ரை பேப்பரையே வாசிக்கலாம். நான் முந்திச் சொன்னதை மறந்துவிடுங்கோ." அனுப்புகிற பொத்தானை அமத்த எனக்கு இரண்டு தரிப்பிடம் எடுத்தது.

என்ன கொண்டாட்டம் தெரியுமா? பட்டாசு, பூச்செண்டு, கைதட்டுகிற மஞ்சள் முகங்கள். 'கடைசியா ரீச்சருக்குப் புத்தி வந்திட்டுது' என்று ஒரு அப்பா தனக்குத் தெரிந்தவருக்கு அனுப்பவேண்டியதைத் தவறுதலாகக் குழுவிலேயே போட்டார். கமலநாதன், "குட் டிசிஷன் டீச்சர், நான் அன்னைக்கே சொன்னேன்ல" என்று முதுகில் தட்டினார். வாயை மூடிக்கொண்டு இருந்தேன். என் வாழ்க்கையில் நான் செய்த மிகக் கஷ்டமான வேலைகளில் அது ஒன்று.

சனிக்கிழமை கவுன்சிலர் அம்மா நாற்பது நிமிடம் பிந்தி வந்தார். நல்ல மனுசிதான். சிவப்புக் கோட்டு, பெரிய சிரிப்பு, கூடவே படமெடுக்க ஒரு இளைஞன். அந்தக் கமராவைக் கண்டதும் பிறேமினி இரண்டாம் வரிசையில் இருந்து ஏழாம் வரிசைக்குப் போனாள். றொமேஷ் வரவில்லை. வரமாட்டார் என்று எனக்குத் தெரியும்.

பிள்ளைகள் கழுதைக்குப் பக்கத்தில் ஒவ்வொருவராக ஏறினார்கள். ஒரு டொக்டர், இரண்டு டொக்டர். பத்து மணிவரைக்கும் நித்திரை கொள்ள ஆசைப்பட்ட மிதுலன், இரவு பகல் பாராமல் நோயாளருக்குச் சேவை செய்வேன் என்று என் முகத்தைப் பார்த்தே சொன்னான். அந்தப் பார்வையை நான் இலேசில் மறக்கமாட்டேன். நாய் கேட்ட பிள்ளை, கண் டொக்டர். பன்னிரண்டு டொக்டரும் ஒரு நீதிபதியும் முடிந்த பிறகு அஜித்தா ஏறினாள். ஜாக்கெட்டோடுதான். சிவப்புக் கோட்டில் மூச்சு விட்டு, ஒரு சொல் பிசகாமல் பிணி தீர்த்து இறங்கினாள். ஏழாம் வரிசையில் பிறேமினி தலையைக் குனிந்து சிலுவை போட்டாள். முடிந்தது என்று நானும் மூச்சு விட்டேன்.

முடியவில்லை. கவுன்சிலர் அம்மா மைக்கை வாங்கினார். ஒவ்வொரு பிள்ளையும் இறங்க இறங்கப் பங்குத்தந்தைக்கும் அவருக்கும் கமலநாதன் காதுக்குள் மொழிபெயர்த்துக்கொண்டிருந்தார்; எத்தனை டொக்டர் என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. இந்த ஊர் ஆஸ்பத்திரிகளுக்கு இனிக் கவலை இல்லை என்று ஆங்கிலத்தில் பகிடி விட்டார், எல்லோரும் சிரித்தார்கள். "ஆனால் இன்றைக்கு மனித உரிமை நாள் விழா அல்லவா" என்றார். "ஒரு பிள்ளையாவது பேப்பர் இல்லாமல், தன் சொந்த வார்த்தையில் தன் கனவைச் சொன்னால் எனக்குச் சந்தோசமாக இருக்கும்." சொல்லிவிட்டுக் கடைசியாக இறங்கின, படியடியிலேயே நின்றுகொண்டிருந்த அஜித்தாவின் கையைப் பிடித்தார். "நீ சொல், கண்ணே. உண்மையில் உன் கனவு என்ன?"

இரண்டு கிழமைக்கு முதல் நான் கேட்டதும் இதைத்தான். சொல்லுக்குச் சொல் இதைத்தான். அப்போது எவ்வளவு அழகான கேள்வியாக இருந்தது. இப்போது அந்த மைக்கைப் பறித்து வைக்கோலுக்குள் எறியவேணும் போல இருந்தது. எழும்பினேன். எழும்பினவள் எதற்கு எழும்பினேன் என்று தெரியாமல் நின்றேன். படம் எடுக்கிற இளைஞன் முழங்காலில் இருந்து கமராவை நேராகப் பிடித்தான்.

அஜித்தா தாயைத் தேடினாள். பிறகு என்னைப் பார்த்தாள். ஒன்பது வயதுப் பிள்ளை ஒரு கேள்விக்குப் பதில் தேடுகிற முகம் இல்லை அது. எதைச் சொல்லலாம், எதைச் சொல்லக்கூடாது என்று பெரிய ஆட்கள் கணக்குப் போடுகிற முகம். அந்த முகத்தை நான் கண்ணாடியில் ஐந்து வருடம் பார்த்திருக்கிறேன்.

"எனக்குப் பத்து வயது வரவேண்டும்" என்றாள், ஆங்கிலத்தில்.

மண்டபம் சிரித்தது. கவுன்சிலர் அம்மா எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தார். "அது தானாக வரும் செல்லமே. அதற்கு நீ ஒன்றும் செய்யவேண்டியதில்லை. அதற்குப் பிறகு?"

"அதற்குப் பிறகு டொக்டர்" என்றாள் அஜித்தா.

கைதட்டல் கூரைக்குப் போனது. ஆனால் முழு மண்டபமும் சிரிக்கவில்லை. நான் நின்றபடியால் எனக்குத் தெரிந்தது. அங்கே ஒருவர், இங்கே இருவர், கையை மடியில் வைத்துக்கொண்டு குனிந்து இருந்தார்கள். பத்து வயது என்றால் என்ன என்று தெரிந்தவர்கள். பாலேந்திரா மாஸ்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தார்.

சேட்டிபிக்கற் கொடுக்கும்போது அஜித்தா என் காதுக்குக் கிட்ட வந்தாள். "ரீச்சர், நான் பொய் சொல்லேல்லைத்தானே? அப்பாவைப் பற்றியும் சொல்லேல்லை."

"ஓம் பிள்ளை. நீ ஒண்டும் பிழையாச் சொல்லேல்லை" என்றேன். எனக்குக் கோபம் கோபமாக வந்தது. அந்தச் சிரித்த மனுசியில் கோபம் இல்லை, அவருக்கு என்ன தெரியும்? பத்து வருடமாக ஒரு கேஸை மேசையில் வைத்துக்கொண்டிருக்கிறவர்கள் மேல் கோபம். மனித உரிமைக்கு விழா எடுக்கிற மேடையில், வாயைக் காக்கத் தெரிந்ததற்காக ஒரு பிள்ளையை நான் மெச்சவேண்டி வந்ததே, அதன்மேல் கோபம்.

பிறேமினி சேட்டிபிக்கற்றை வாங்கி, பெயர் பிறப்புச் சான்றிதழில் உள்ளபடி இருக்கிறதா, திகதி இருக்கிறதா, கோவில் முத்திரை விழுந்திருக்கிறதா என்று ஒவ்வொன்றாகப் பார்த்தாள். பிறகு அதைப் பைலுக்குள் வைத்தாள்.

இரண்டு மணிக்குள் மண்டபத்தைப் பூட்டவேண்டும் என்று சாவியை என்னிடம் தந்துவிட்டு, கமலநாதன் கவுன்சிலரைக் காரில் ஏற்றிக்கொண்டு போனார். கதிரைகளை அடுக்கிவிட்டுக் குப்பையைப் போட நான் பின்பக்கம் போனேன். தொட்டிகளுக்குப் பக்கத்தில் தொப்பியை இழுத்துவிட்டபடி ஒரு ஆள். தாயும் மகளும் முன்னால் நிற்கிறார்கள். அஜித்தா பைலில் இருந்து சேட்டிபிக்கற்றை எடுத்துக் காட்டிக்கொண்டிருந்தாள்.

"என்னெண்டு சொன்னனீங்கள்?" என்று கேட்டார் அவர்.

"டொக்டர் எண்டு" என்றாள் அஜித்தா.

"நல்லது" என்றார் றொமேஷ். அவருடைய முகத்தில் அப்படியொரு நிம்மதி.

"இந்தக் குளிருக்குள்ள ஏன் நிக்கிறியள்? உள்ளுக்கு வாங்கோ" என்றேன். ஏசுகிற மாதிரித்தான் வந்தது. "ரோல்ஸ் மிச்சம் கிடக்குது."

"ஆக்கள் நிக்கினமோ ரீச்சர்?"

"ஒருத்தரும் இல்லை. படம் எடுக்கிறவனும் போயிட்டான். வாங்கோ."

வந்தார். நான் அடுக்காமல் விட்டிருந்தது முன்வரிசையும் பின்னுக்கு இரண்டு வரிசையும். அவர் நேரே போய் ஆகக் கடைசி வரிசையில், கதவுக்குக் கிட்ட, ஓரக் கதிரையில் இருந்தார். ஒருவரும் சொல்லவில்லை, கால் தானாக அங்கேதான் போனது. நான் ரோல்ஸ் தட்டத்தை எடுத்துக்கொண்டு திரும்பினால், அஜித்தா அவருடைய கையைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தாள். அவர் விடு விடு என்கிறார், அவள் விடவில்லை. மண்டபத்தின் நீளத்துக்கு இழுத்துக்கொண்டு போய், பங்குத்தந்தை இருந்த கதிரையில் இருத்தினாள். பிறகு ஓடிப்போய் மேடையில் ஏறி, கழுதைக்குப் பக்கத்தில் நின்று, ஜாக்கெட்டைக் கழற்றி வைக்கோலில் போட்டாள்.

"ஹலோ அப்பா" என்றாள்.

எனக்குப் போன் அடித்தது. கமலநாதன். பூட்டியாச்சா என்று கேட்கத்தான். நான் எடுக்கவில்லை.